பழுப்பு இருக்கை கேட்டேன், கறுப்பு வந்தது: ஒரு சொகுசு கார் ஷோரூம் பற்றி

காருக்கு ஐந்தில் நாலரை மதிப்பெண். அதை விற்ற ஷோரூமுக்கு இரண்டு, அந்த இரண்டில் ஒன்று கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்த மேலாளருக்காக மட்டும். இடம் தெற்கு ஜெர்மனி, பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய டீலர். கடை பெயரையும் சொல்லவில்லை, பிராண்டையும் சொல்லவில்லை. சொன்னால் “அந்தக் கம்பெனியே அப்படித்தான்”, “எங்களுக்கு நல்லாத்தானே கொடுத்தான்” என்று பேச்சு பிராண்டு சண்டையாகப் போய்விடும். எந்தப் பெயரை வாங்கினாலும் ஆர்டர் போகும் வழி ஏறக்குறைய ஒன்றுதான், தப்பு நுழையும் ஓட்டையும் ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வாங்கியது ஒரு கோம்பி. பின்பக்கம் நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் குடும்பக் கார், குழந்தைகள் உள்ள வீடுகளில் இங்கே எங்கும் பார்க்கலாம். ஷோரூமில் தயாராக நின்ற கார்களுக்கு நல்ல தள்ளுபடி இருந்தது, ஆனாலும் நாங்கள் தொழிற்சாலை ஆர்டர்தான் போட்டோம், ஏனென்றால் எங்களுக்கு வேண்டிய சேர்க்கை எந்த யார்டிலும் இல்லை: கரும்பச்சை பெயின்ட், பழுப்புத் தோல் இருக்கை, பின் இருக்கைக்கும் ஹீட்டிங், அப்புறம் பட்டனைத் தட்டினால் பம்பருக்கு அடியிலிருந்து வெளியே வரும் இழுவைக் கொக்கி, அதில்தான் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுவோம். கண்ணாடிக் கூரை வேண்டாம் என்பதை மட்டும் நான் தனியாக வாய்விட்டுச் சொன்னேன். நான் கொஞ்சம் உயரம், கண்ணாடிக் கூரை வந்தால் தலைக்கு மேல் இடம் குறைகிறது. அது போக, நீண்ட காலம் வைத்திருக்கப் போகிற வண்டியில் ரப்பர் கிழிவது, தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொள்வது என்று பிற்காலத்தில் அலைய எனக்குத் தெம்பில்லை.

வந்தது: கரும்பச்சை, சரி. பின் இருக்கை ஹீட்டிங், சரி. இருக்கை கறுப்பு. கொக்கி இல்லை. தலைக்கு மேலே, முன்னிருந்து பின் வரை, பளபளவென்று கண்ணாடிக் கூரை. பில்லில் கூரைக்குக் காசும் போட்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று புரிய, ஆர்டர் எந்த வழியாகப் போகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நாம் வீட்டில் உட்கார்ந்து கம்பெனி இணையதளத்தின் கான்ஃபிகரேட்டரில் கலர் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு கோடு (code) நம்பர் எடுத்துக்கொண்டு போகிறோமே, அது ஆர்டர் இல்லை, வெறும் விருப்பப் பட்டியல். சேல்ஸ்மேன் அதைத் தன் கணினியில் டீலருக்கான வேறொரு மென்பொருளில் ஏற்றுகிறார். சில நேரம் கோடு நம்பர் அப்படியே உள்ளே போகும், சில நேரம் கையால் தட்ட வேண்டியிருக்கும். அங்கிருந்து ஒரு ஆர்டர் தாள் அச்சாகி வரும், அதில்தான் நாம் கையெழுத்து போடுகிறோம். ஜெர்மனியில் பெரும்பாலான டீலர்கள் பயன்படுத்தும் பொது விதிமுறைப்படி, ஸ்டாக்கில் இல்லாத காருக்கு நாம் போடும் அந்த ஆர்டர் அதிகபட்சம் மூன்று வாரம் நம்மைக் கட்டும், அதற்குள் டீலர் எழுத்தில் உறுதி செய்தால் ஒப்பந்தம் ஆகிவிடும். அந்த உறுதிக் கடிதமும் அதற்கு முந்தைய ஆர்டர் தாளும்தான் நம் ஆயுதம். கான்ஃபிகரேட்டரில் எடுத்த அழகான படம் இரண்டாம் பட்சம்தான்.

எங்கள் உறுதிக் கடிதம் வரிக்கு வரி சரியாக இருந்தது. பழுப்புத் தோல், கொக்கி இரண்டும் தங்கள் கோடு நம்பரோடு உட்கார்ந்திருந்தன, கூரைக்கு வரியே இல்லை. அப்புறம் காத்திருப்பு. இடையில் இரண்டு காரியம் நடந்தன. ஒன்று, கம்பெனி மாடல் ஆண்டை மாற்றியது. மாடல் ஆண்டு மாறும்போது தனித்தனியாக விற்ற சாமான்களைச் சேர்த்து பேக்கேஜ் ஆக்குவார்கள், சில கோடுகள் செத்துப்போகும், புதிய கோடுகள் பிறக்கும், வரிசையில் நிற்கும் பழைய ஆர்டர்களைப் புதிய பட்டியலுக்கு யாராவது மாற்றி எழுத வேண்டும். இரண்டு, எங்களுக்கு விற்ற அந்த நல்ல மனிதர் குழந்தை பிறந்து நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் இடத்தில் வந்தவர் எங்கள் ஆர்டரைப் புதிய மாடல் ஆண்டுக்கு மாற்றினார். பின் இருக்கை ஹீட்டிங் புதிய பட்டியலில் ஒரு பேக்கேஜுக்குள் மட்டும் கிடைத்தது, அந்தப் பேக்கேஜோடு கண்ணாடிக் கூரை ஒட்டிக்கொண்டு வந்தது. கொக்கியின் பழைய கோடு செத்துவிட்டதால் அது சத்தமில்லாமல் உதிர்ந்தது. இருக்கை நிறத்துக்கான கட்டத்தில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மென்பொருள் தானாக வைப்பது கறுப்பு. புதிய தாளை எங்களுக்கு அனுப்பவும் இல்லை, கையெழுத்து வாங்கவும் இல்லை. இதையெல்லாம் நான் ஊகிக்கவில்லை, கடைசியில் வந்த மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டியே சொன்னார்.

அதனால்தான் தொழிற்சாலையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு எந்தத் தாள் போனதோ அதை மயிரிழை பிசகாமல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கார்கள் கட்டப்படும் முறையைப் பார்த்தால், லைனில் ஒரு தொழிலாளி ‘தெரியாமல்’ கறுப்பு இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டார் என்பது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். ஒவ்வொரு காரின் உடலும் லைனில் ஏறும்போதே அதன் ஆர்டர் விவரமும் கூடவே ஏறுகிறது. இருக்கைகளைச் செய்வது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வேறொரு சப்ளையர். கார் அசெம்பிளி லைனுக்கு வருவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் எந்த வரிசையில் எந்த நிறம் என்ற செய்தி அவர்களுக்குப் போகும், அவர்கள் அதே வரிசையில் லாரியில் அடுக்கி அனுப்புவார்கள். வயரிங் இன்னும் விசேஷம். பல ஜெர்மன் கார்களில் வயர் கட்டு ஒவ்வொரு காருக்கும் தனியாகச் செய்யப்படுகிறது, அந்தக் காரில் என்னென்ன சாமான் உண்டோ அதற்கு வேண்டிய வயர் மட்டும்தான் இருக்கும். 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கே மேற்குப் பகுதியில் வயர் கட்டு செய்துகொண்டிருந்த லியோனி போன்ற சப்ளையர்களின் வேலை தடைபட்டு, போக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, போர்ஷே தொழிற்சாலைகளில் லைன் நின்றது நினைவிருக்கும். வயர்தானே, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று முடியாமல் போனதற்கு இந்தத் தனித்தனிக் கட்டு ஒரு பெரிய காரணம்.

இதனால் நமக்கு என்ன? ஆர்டரில் கொக்கி விடுபட்டால் பம்பருக்கு அடியில் ஒரு இரும்பு மட்டும்தான் விடுபட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வேண்டிய வயர் இல்லை, டிரெய்லருக்கான கன்ட்ரோல் யூனிட் இல்லை, சில மாடல்களில் பெரிய கூலிங் ஃபேனும் இல்லை. பின்னால் மாட்டலாம்தான். பம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றி, வயர் இழுத்து, பிரேக் கட்டுப்பாடு, பார்க்கிங் சென்சார் எல்லாவற்றுக்கும் “இப்போது பின்னால் ஒன்று மாட்டியிருக்கிறது” என்று மென்பொருளில் கோடிங் செய்ய வேண்டும். கண்ணாடிக் கூரையோ இன்னும் மோசம், அது உடலை வெல்டிங் செய்யும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிற சமாச்சாரம், அதை நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தோலை மாற்றித் தைக்கிற நல்ல கடைகள் இருக்கின்றன, ஆனால் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, வெடிக்கும்போது சரியான இடத்தில் கிழிய வேண்டும் என்பதற்காக அந்தத் தையலை விசேஷமாகப் போடுகிறார்கள், புதிய காரில் போய் அதில் கை வைக்க யாருக்கு மனம் வரும்.

கார் கட்டி முடித்ததும் சேசிஸ் நம்பர் வந்தது, பதினேழு எழுத்து. கம்பெனி ஆப்பில் அதைப் போட்டதும் காரின் சாமான் பட்டியல் விரிந்தது, கண்ணாடிக் கூரை என்று முதல் பக்கத்திலேயே. உடனே கடைக்கு போன் போட்டேன். புதிய சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே, “அந்த ஆப் அடிக்கடி தப்பாகக் காட்டும், நீங்கள் கவலைப்படாதீர்கள்” என்றார். தன் முன்னால் இருக்கும் திரையில் எங்கள் ஆர்டரைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை. பதிலாக, காரை ரிஜிஸ்டர் செய்ய இன்ஷூரன்ஸ் நம்பர் அனுப்பச் சொன்னார்.

இங்கேதான் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் ஏழு எழுத்துக் குறியீடு இல்லாமல் கார் ரிஜிஸ்டர் ஆகாது. பல டீலர்கள் அதை முன்கூட்டியே வாங்கி, நம் பெயரில் ரிஜிஸ்டர் செய்து நம்பர் பிளேட்டும் மாட்டி, ரிப்பன் கட்டி, அப்புறம்தான் காரைக் கண்ணில் காட்டுவார்கள். வசதிதான், ஆனால் ரிஜிஸ்டர் ஆன நொடியில் அந்தக் கார் சந்தையில் ‘முதல் உரிமையாளர்’ பதிந்த கார் ஆகிவிடுகிறது, புதிய கார் என்று வேறு யாருக்கும் விற்க முடியாது, அப்புறம் டீலர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சுலபத்தில் சம்மதிப்பாரா? நான் குறியீட்டை அனுப்பவில்லை. காரை ரிஜிஸ்டர் செய்யாமல் யார்டில் வைத்துக் காட்டுங்கள், பார்த்தபின் தருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். அந்த ஒரு மின்னஞ்சல்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

யார்டில் நடந்தது ஒரு தனி நாடகம். முதலில் சேல்ஸ்மேன், கறுப்பு அழுக்கு தெரியாது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் நல்லது, விற்கும்போதும் கறுப்புக்குத்தான் மதிப்பு என்றார். கூரை எங்களுக்குக் கிடைத்த ‘அதிர்ஷ்டம்’ என்றார், அதற்குப் பில் போட்டிருப்பதைக் காட்டியதும் அதை எடுத்துவிடலாம் என்றார். கொக்கியை வெளியே ஒரு மெக்கானிக்கிடம் மலிவாக மாட்டிக்கொள்ளலாம், பாதியைக் கடை ஏற்கும் என்றார். கூடவே நல்ல தரைவிரிப்பு ஒரு செட், முதல் சர்வீஸ் இலவசம். மசால் தோசை கேட்டவனுக்கு ஊத்தப்பம் வைத்துவிட்டு, “எல்லாம் ஒரே மாவுதானே சார், சட்னி வேண்டுமானால் கூடப் போடுகிறேன்” என்கிற பேச்சு. என் மனைவி காரை ஒரு சுற்று சுற்றி வந்து, தமிழில், “இவர் நம்மிடம் இன்னும் ஒரு தடவைகூட மன்னிப்பு கேட்கவில்லை, கவனித்தீர்களா?” என்றாள். உண்மைதான், கேட்கவில்லை.

பேச்சு பலிக்காததும் விதிமுறையை எடுத்தார். டெலிவரி வரை வடிவம், நிறச் சாயல், கொடுக்கும் சாமான்கள் ஆகியவற்றில் மாற்றம் இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்த வரியை முழுதாகப் படித்தால், அது உற்பத்தியாளர் தரப்பில் செய்யப்படும் மாற்றத்தைப் பற்றியது, அதுவும் வாங்குபவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவில் இருந்தால் மட்டும். இருக்கை நிறத்தைத் தட்ட மறந்தது உற்பத்தியாளரின் மாற்றம் இல்லை. அடுத்து, கார் தயார் என்று அறிவித்த 14 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காவிட்டால் விலையில் 15 சதவீதம் நஷ்டஈடு என்ற வரியைக் காட்டினார். அதுவும் பொதுவாக எல்லோர் ஒப்பந்தத்திலும் இருப்பதுதான், முதல் தடவை கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். ஆனால் அது ஆர்டர் செய்த காரை எடுக்காமல் விடுபவனுக்கு. ஆர்டர் செய்யாத காரை எடுக்கச் சொல்லி அதைக் காட்டி மிரட்ட முடியாது.

இந்த இடத்தில் இரண்டு தீர்ப்புகளை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், இரண்டுமே ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றமான பிஜிஹெச் சொன்னவை. ஒன்று 2010 பிப்ரவரி 17. ஒருவர் செவ்ரோலெட் கார்வெட் காரை ‘லே மான்ஸ் ப்ளூ’ மெட்டாலிக் நிறத்தில் ஆர்டர் செய்கிறார், கறுப்பில் வருகிறது, எடுக்க மறுக்கிறார், வழக்கு மேலே போகிறது. ஆர்டர் செய்த நிறம் இல்லாமல் வேறு நிறத்தில் கொடுப்பது பொதுவாகப் பெரிய குறைதான், சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது, வாங்குகிற யோசனையில் இருந்தபோது அவர் மனதில் வேறு நிறமும் இருந்தது என்பதால்கூட அது சின்னதாகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்னொன்று 2016 அக்டோபர் 26. புதிய கார், டிரைவர் பக்கக் கதவில் பெயின்ட் சேதம், சரிசெய்ய 528 யூரோ சொச்சம்தான். அதைச் சரிசெய்து தரும்வரை காரையே எடுக்காமல், பணமும் கொடுக்காமல் நிற்க வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு. இரண்டாவது தீர்ப்பை நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சேல்ஸ்மேன் அதை வாங்கிப் படிக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு குரல் மாறியது, “மேலாளரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்றார்.

நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் பெரிய சட்டக் கடிதம் எதுவும் எழுதவில்லை. ஒரு பக்கம்: ஆர்டர் செய்தது இது, வந்தது இது, ஒப்பந்தப்படி உள்ள காரை ஒப்பந்த விலையில் தாருங்கள், இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். தேதி போடுவது இங்கே முக்கியம், தேதி இல்லாத புகாரை ஃபைலில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழக்குச் செலவுக்கான இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம், அந்தப் பாலிசி நம்பரைக் கடிதத்தின் அடியில் சும்மா ஒரு வரியாகப் போட்டேன், அதற்கும் பலன் இருந்திருக்கலாம்.

மேலாளர் தானே போன் செய்தார். முதல் வாக்கியம் மன்னிப்பு. அடுத்த வாக்கியம், “என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.” அவர்தான் திரையைத் திருப்பி, ஆர்டர் எந்தத் தேதியில், யார் பெயரில் திருத்தப்பட்டது என்று காட்டியது. எங்களுக்கு மூன்று வழி இருந்தது: விலக்கிக்கொண்டு முன்பணத்தைத் திரும்ப வாங்குவது, விலையைக் குறைத்து இதையே எடுத்துக்கொள்வது, அல்லது புதிதாக ஒன்றைக் கட்டித் தரச் சொல்வது. இரண்டாவதற்கு அவர் சொன்ன தொகை நன்றாகவே இருந்தது, கொக்கியும் கடைச் செலவில். ஒரு நாள் இரவு முழுக்க அதைப் பற்றிப் பேசினோம். கூரையை நினைத்ததும் வேண்டாம் என்று ஆனது. புதிய கார் என்றோம். அதற்கு இப்போதைய விலைப் பட்டியல்தான், கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார், ஒப்பந்த விலைதான் என்றேன், மேலிடத்தில் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். அது வரும்வரை ஓட்ட ஒரு கார் கொடுத்தார்கள், எங்களுக்குத் தேவையானதைவிட இரண்டு சைஸ் சின்னது, நால்வரும் லக்கேஜும் சேர்ந்தால் மூச்சு முட்டும். ஆனால் வாடகை கேட்கவில்லை. அந்தக் கறுப்பு இருக்கைக் கார் கொஞ்ச நாளில் கடையின் இணையப் பக்கத்தில் “உடனே கிடைக்கும்” என்று வந்தது, பிறகு விற்றும் போனது. அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்பதுதான் என் முக்கியமான குறை.

கம்பெனி வேண்டுமென்றே சாமானைக் குறைத்து அனுப்புவது வேறு கதை, அதையும் இதையும் குழப்பக் கூடாது. 2021, 2022-இல் சிப் பஞ்சம் வந்தபோது அதை நிறையப் பார்த்தோம். பிஎம்டபிள்யூ சில மாடல்களைத் தொடுதிரை வசதி இல்லாமல் அனுப்பி, அமெரிக்காவில் அதற்கு 500 டாலர் கழித்துக்கொடுத்தது. போர்ஷே சில கார்களில் மின்சாரத்தில் நகரும் ஸ்டியரிங் கம்பத்துக்குப் பதிலாகக் கையால் நகர்த்துவதை வைத்தது, சீனாவில் 2022-இல் அது பெரிய சண்டையானது, கூப்பன் கொடுத்து சமாளிக்கப் பார்த்ததில் வாங்கியவர்களின் கோபம் இன்னும் ஏறியது. அதாவது பணம் குறைவு என்பதைவிட, சொல்லாமல் செய்தது உறுத்துகிறது. இதற்கு நேர்மாறாக ஒன்று: 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அசோரஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்து, மார்ச் தொடக்கத்தில் சுமார் 4,000 கார்களோடு மூழ்கியது. அதில் லம்போர்கினி அவென்டடோர் மாடலின் கடைசித் தொகுப்பான அல்ட்டிமே 15 இருந்தன, அந்த மாடல் உற்பத்தியே முடியும் தறுவாயில் இருந்தும், அந்த 15 பேருக்காக மறுபடி லைனை ஓட்டினார்கள். விலை அந்த மாதிரி என்பது சரிதான், ஆனால் “திரும்பக் கட்ட முடியாது” என்று ஒரு டீலர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு வேறு மாதிரி நடந்தது. அவருடையது வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த கார். கேட்காத பெரிய சக்கரமும் விலையுயர்ந்த ஸ்பீக்கரும் வந்தன, இலவசமாக வந்ததென்று சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்டார். இங்கே கம்பெனி காரைச் சொந்த வேலைக்கு ஓட்டினால், சாதாரண பெட்ரோல், டீசல் காருக்கு அதன் மொத்தப் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை நம் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள், பட்டியல் விலை என்றால் மேலே ஏற்றிய எல்லாச் சாமானும் சேர்ந்து. அந்த ‘இலவச’ ஸ்பீக்கருக்கு மனிதர் ஒவ்வொரு மாதமும் வரி கட்டிக்கொண்டிருக்கிறார். கேட்காமல் கூடுதலாக வந்தால் லாபம்தானே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வசதி கூட இருக்கிறது. 1958-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு புதிய காரின் ஜன்னலிலும் தொழிற்சாலையில் ஏற்றிய சாமான்களும் அவற்றின் விலையும் எழுதிய தாள் ஒட்டியிருக்க வேண்டும். அதையும் உங்கள் ஆர்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கையெழுத்துக்கு முன்னால். சென்னையில் வாங்குபவர்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் ஓடும் பிஎம்டபிள்யூ ஆலை மாதிரி உள்ளூரில் அசெம்பிள் ஆகும் கார் என்றால் பெரும்பாலும் முடிவான வேரியன்ட்தான், இங்கே மாதிரி ஒவ்வொரு சாமானாகப் பொறுக்க முடியாது, தப்புக்கும் இடம் குறைவு. முழுக்கக் கட்டி இறக்குமதியாகும் கார்தான் ஆபத்து. அதன் மேல் விழும் சுங்க வரி காரின் விலையையே எட்டிப்பிடிக்கிற அளவு, வரி கட்டி ஊருக்குள் வந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்று வரவழைக்க எந்த டீலருக்கும் மனம் வராது. அங்கே முன்பணம் கட்டும்போதே ஒவ்வொரு சாமானின் கோடு நம்பரும் உள்ள தாளில் டீலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இருக்காதீர்கள். கப்பல் ஏறும் முன்னாலேயே சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கிப் பட்டியலைச் சரிபார்ப்பதும் நடக்கிற காரியம்தான், கேட்டால் கொடுப்பார்கள்.

மாடல் ஆண்டு மாறும் நேரத்தைப் பற்றியும் ஒன்று. ஆர்டர் போடும்போதே, இந்தக் கார் எந்த மாடல் ஆண்டில் கட்டப்படும், இடையில் மாறினால் யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், “திருத்திய தாளில் என் கையெழுத்து இல்லாமல் மாற்றம் கூடாது” என்று ஆர்டர் தாளிலேயே கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது ஆர்டரில் நாங்கள் எழுதினோம். மேலாளர் முகம் சுளிக்காமல் கையெழுத்து போட்டார். தொழிற்சாலை ஆர்டரைப் பூட்டுவதற்கு முன் கடையிலிருந்து பட்டியலை மறுபடி அனுப்பி, சரியா என்று கேட்டார்கள். கேட்க முடியும் என்பது தெரிந்துவிட்டது, அப்படியானால் எல்லோருக்கும் ஏன் அப்படிச் செய்வதில்லை?

இரண்டாவது கார் சரியாக வந்தது. கரும்பச்சைக்குள் பழுப்புத் தோல், நாங்கள் மனதில் பார்த்ததைவிடக் கொஞ்சம் சிவப்பாக, ஆனால் சாம்பிளில் காட்டிய அதே நிறம். கூரை வெறும் தகரம், தலை இடிக்கவில்லை. கொக்கி பட்டனைத் தட்டியதும் வெளியே வந்து, பச்சை விளக்கு எரிந்து, உள்ளே போகிறது, பையன் அதை டெலிவரி நாளிலேயே பலமுறை செய்து பார்த்துவிட்டான். ஓட்டம் அருமை, நெடுஞ்சாலையில் நூற்று ஐம்பதில் போகும்போதும் பின் இருக்கையில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். அரை மதிப்பெண் குறைத்தது ஏசியைக்கூடத் திரைக்குள் ஒளித்து வைத்ததற்காக. பட்டன் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

டெலிவரி கொடுத்தது அதே சேல்ஸ்மேன். இந்த முறை அவரே ஆர்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக் காட்டினார், பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே தரைவிரிப்பு இல்லையே என்று கேட்டேன். அது ஆர்டரில் இல்லை, வேண்டுமென்றால் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விலையைச் சொன்னார். முதல் காரைத் தலையில் கட்டப் பார்த்தபோது இலவசமாக நீட்டிய அதே விரிப்பு. வெளியே ஒரு ஆட்டோ சாமான் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டோம். சர்வீஸுக்கு இதே பிராண்டின் வேறொரு டீலரிடம் பேசி வைத்திருக்கிறேன், கொஞ்சம் தூரம்தான், பரவாயில்லை.